கெம்பியின் வலது பக்கம்

தளிக்குப் பக்கத்தில் ஹரீஷ்குமார் நடத்திய குதிரைப் பண்ணையில் மாதேஸ்வரி புல் அறுக்கத்தான் சேர்ந்தாள். ஓசூரில் அவள் வேலை பார்த்த தையல் கம்பெனி மூடிய வருடம் அது. போகப்போக, இளங்குதிரைகளைப் பழக்கும் வேலையும் அவள் கைக்கு வந்தது.

கெம்பி செந்நிறப் பெண்குதிரை. நீளக் கயிற்றில் கட்டி இடப்பக்கமாகச் சுற்ற விட்டால் அழகாக ஓடும். வலப்பக்கமாகத் திருப்பினால் நாலு எட்டு போகாது; நின்று, கழுத்தை மடக்கி, நடுவில் கயிற்றோடு நிற்கும் மாதேஸ்வரியையே பார்க்கும்.

"இந்தப் பக்கம் மட்டும் மொரண்டு புடிக்குது சார்."

"திமிரு. வாரு போட்டுத் தலைய இறுக்கு. ஞாயித்துக்கெழம பெங்களூர்லருந்து வாங்கறவங்க வர்றாங்க" என்றார் ஹரீஷ்குமார்.

கடிவாளத்திலிருந்து வயிற்றுப்பட்டைக்கு இருபுறமும் வார் மாட்டினாள். அப்போதும் கெம்பி கழுத்தைத் திருப்பப் பார்த்தது. ஒரு துளை இறுக்கினாள். மறுநாள் இன்னொன்று. தலை நேராக நின்றது, குதிரை ஓடியது. வழிக்கு வந்துவிட்டது என்று மாதேஸ்வரிக்குச் சந்தோஷம்கூட.

சனிக்கிழமை, வலப்பக்கமாகச் சுற்றும்போது வேகத்தைக் கூட்டச் சாட்டை நுனியால் அதன் வலது தொடையை லேசாகத் தொட்டாள். கெம்பி வீறிட்டுப் பாய்ந்தது. கயிறு அவள் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது. தலையைத் தூக்க வார் விடவில்லை. வேலிக் கம்பத்தில் மோதி, முழங்கால் மடங்கி விழுந்தது.

தையல் போட வந்த கால்நடை டாக்டர் அனிதா, டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். மறுபடியும் பிடித்தார்.

"வலது கண்ணு சுத்தமா தெரியலம்மா. ரொம்ப நாளாவே இருந்திருக்கும். இன்னொண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு."

"மருந்து இருக்குதுங்களா மேடம்?"

"கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். அவ்ளோதான்."

வலச்சுற்றில் அவள் நின்றதெல்லாம் அந்தக் குருட்டுக் கண் பக்கம் என்பது மாதேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவளைப் பார்க்கத்தான் அது கழுத்தைத் திருப்பியிருக்கிறது. அதைத்தான் அவள் கட்டிப்போட்டாள்.

ஹரீஷ்குமார் போன் பேசிவிட்டு வந்தார். "பெங்களூர்க்காரங்க வேணாம்னுட்டாங்க. பேரிகை ஊருப் பக்கம் ஒருத்தர் வண்டி இழுக்கக் கேக்கறாரு. அனுப்பிடலாம்."

"ஒரு ஓரமா இருக்கட்டும் சார். நான் பாத்துக்கறேன்."

"எத்தன நாளைக்கு மாதேஸ்வரி?" என்றார், கோபமில்லாமல்.

காயம் ஆறியதும் மினி லாரி வந்தது. மாதேஸ்வரி இடப்பக்கமாகவே கிட்டே போய், "பா... பா..." என்று கன்னடத்தில் கூப்பிட்டாள். முன்பெல்லாம் அந்தக் குரலுக்கு ஓடிவரும். இப்போது பார்வையுள்ள கண்ணால் அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டுப் பின்வாங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

முன்பின் தெரியாத டிரைவர் வந்து கயிற்றைப் பிடித்தான். அவனோடு ஏறிக்கொண்டது.