முங்காத பாத்திரம்

ஸ்ரீமதி வந்து இறங்கி மூன்று நாள் ஆகியும் அவள் வயிற்றுக்குள் ஒரு பருக்கை சோறு போகவில்லை. எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவள், கூடத்தில் உட்கார்ந்து காகிதத் தட்டில் நேந்திரம்பழம் தின்றுகொண்டிருந்தாள். காலையில் பழம், மத்தியானம் இளநீரும் வெள்ளரிக்காயும், சாயங்காலம் மறுபடியும் பழம். பார்க்கப் பார்க்கப் பெற்றவள் அகிலாண்டேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தனைக்கும் வீட்டில் எதுவும் குறைவில்லை. புது அடுப்பு. புது மிக்சி. அண்டா, சருவம், இட்லிக் கொப்பரை, பித்தளை உருளி, தட்டு, டம்ளர் என்று சுவரோரம் வரிசையாக நாற்பத்திரண்டு புதுப் பாத்திரங்கள். ஒவ்வொன்றிலும் ‘ஸ்ரீமதி’ என்று பெயர் வெட்டியிருந்தது. அரிசியும் பருப்பும் கூடப் புதிதாக வாங்கியவைதான். சமைக்கத்தான் வழியில்லை.

கதை ஆறு வருஷத்துக்கு முந்தியது. தானேக்கு வேலைக்குப் போன ஸ்ரீமதி அங்கே ஆரோனைப் பார்த்தாள். அவன் வீட்டார், பெனே இஸ்ரேல் யூதர்கள் என்று கொங்கணக் கரையில் பல நூறு வருஷமாக இருப்பவர்கள். வீட்டில் பேசுவது மராத்தி, கும்பிடப் போவது ஜெப ஆலயம். ‘கட்டிக்கிட்டுத் தொலை’ என்று விட்டுவிடலாம் என்றால், இந்தப் பெண் அதோடு நிற்கவில்லை. ஜெப ஆலயத்து வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்து படித்து, மூன்று ரபிகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, தண்ணீரில் முங்கி எழுந்து யூதப் பெண்ணாகவே ஆகிவிட்டாள். அப்புறம்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணம். ரபி என்றால் அவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்து, எது செல்லும் எது செல்லாது என்று தீர்ப்பும் சொல்கிறவர்.

கல்யாணத்துக்கு அகிலாண்டேஸ்வரி போகவில்லை. அவள் கணவர் கைலாசம் மட்டும் தனியாக ரயிலேறிப் போய் வந்தார். சீர் என்று ஒரு செம்புகூட அவள் அனுப்பவில்லை. பிள்ளை உண்டாகியிருக்கிற சேதி வந்த பிறகுதான், தான் செய்தது அவளுக்கு உறுத்த ஆரம்பித்தது. அந்த உறுத்தல்தான் இந்த நாற்பத்திரண்டு பாத்திரங்கள். கல்யாணத்தில் வைக்காத சீரைப் பிரசவத்தில் வைத்துவிடுவதென்று தீர்மானித்து, தென்காசிக் கடைவீதியில் மூன்று நாள் அலைந்து வாங்கினாள்.

யூத முறைப்படி சமைக்காத வீட்டின் பழைய பாத்திரத்தில் தான் சாப்பிடக்கூடாது என்று ஸ்ரீமதி போனிலேயே சொல்லியிருந்தாள். ஏழு தலைமுறையாக முட்டைகூட நுழையாத சைவ வீட்டுப் பாத்திரத்துக்கு என்ன கேடு என்று நாக்கு நுனிவரை வந்ததை அகிலாண்டேஸ்வரி விழுங்கிக்கொண்டாள். எல்லாம் புதுசு வாங்கிட்டேன், ஒரு கரண்டிகூடக் கொண்டுவராதே என்றாள். புதுசுக்கும் ஒரு வேலை இருக்கும்மா என்று மகள் ஆரம்பித்தாளாம். எல்லா வேலையும் நான் பாத்துக்கிடுதேன் என்று அம்மாதான் போனை வைத்துவிட்டாளாம். அது உண்மைதான். ஆனால் புதுப் பாத்திரத்துக்குக் குளியல் உண்டு என்று எவள் கண்டாள்?

அயலார் கையிலிருந்து யூதர் கைக்கு வருகிற உலோகப் பாத்திரம், ஆற்றிலோ ஊற்றிலோ ஒருமுறை முழுக்க முங்கி எழ வேண்டும். குழாய்த் தண்ணீர் உதவாது.

“இது தீட்டு இல்லம்மா,” என்றாள் ஸ்ரீமதி. “நான் முங்கி எந்திச்ச மாதிரி அதுவும் முங்கி எந்திக்கணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம். தண்ணீர் படாத இடம் இருக்கக்கூடாது என்பதால் முதலில் ஸ்டிக்கரை எடுக்க வேண்டும். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், சாம்பல் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்து, கம்பெனிக்காரன் ஒட்டிய பசையைச் சுரண்டுவதற்குள் அகிலாண்டேஸ்வரிக்கு இரண்டு நகம் போயிற்று. ஒட்டியவன் தலையில் இடி விழ என்று சுரண்டலுக்கு ஒரு தடவை சபித்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஸ்ரீமதியின் வகுப்பு. தானேயிலிருந்து ரபியும் ஜெப ஆலயத்துப் பெண்கள் பதினோரு பேரும் போன் திரைக்குள் வந்தார்கள். அன்றைக்குப் பாடமே இந்தப் பாத்திரங்கள்தான். குக்கர் கைப்பிடியைக் கழற்றி முக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. வேண்டாம் என்றாள் இன்னொருத்தி. மிக்சி ஜாடியின் பிளேடைப் பற்றி மூன்றாமவளுக்கு ஒரு சந்தேகம். ரபி யாரையும் அடக்கவில்லை. அது எங்கே சொல்லியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே கேட்டார், உடனே எல்லாரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்த அகிலாண்டேஸ்வரிக்கு ஒரு கணக்குக்கு ஒரு விடைதான் தெரியும். இங்கே ஒரு கணக்குக்கு நாலு விடை வந்தது, வாத்தியார் நாலையும் மெச்சினார். தண்ணீர் லாரி வரும்போதுதான் எங்கள் தெருவில் ஒரு குடத்துக்கு இவ்வளவு பேச்சு நடக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில், பக்கத்தில் இயற்கையான தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டார் ரபி. குற்றாலம் என்றாள் ஸ்ரீமதி. அகிலாண்டேஸ்வரிக்கு முதல்முறையாக முகம் மலர்ந்தது. இவர்கள் சட்டத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு இடத்திலாவது ஒத்துப்போகிறதே.

மறுநாள் காலையில் குத்தாலிங்கத்தின் ஆட்டோவில் பாத்திரங்களை நாலு சாக்கில் கட்டி ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனார்கள். முழங்கால்வலி என்று கைலாசம் வீட்டில் தங்கிவிட்டார். நல்ல சீசன், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அண்டாவையும் உருளியையும் இறக்கி வைத்ததுதான் தாமதம், அன்னதானம் என்று நினைத்துப் பின்னால் ஒரு வரிசை கூடிவிட்டது. சாம்பார் சாதமா தயிர் சாதமா என்று ஒரு பெரியவர் கேட்டார். போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டு வந்து, இங்கே சமையல் பண்ணக்கூடாது என்றார். சமையல் இல்லை, குளிப்பாட்டப் போகிறோம் என்று சொன்னதும் அவர் அகிலாண்டேஸ்வரியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எதற்கும் கேட்டுவிடலாம் என்று ஸ்ரீமதி ரபிக்கு வீடியோ போட்டு அருவியைக் காட்டினாள். ஆகா, என்ன அழகு என்றார் அவர். அப்புறம், இது செல்லாது என்றார். மேலேயிருந்து பாத்திரத்தின் மேல் விழுகிற தண்ணீர் உதவாது; ஆறு மாதிரித் தரையில் இருக்கிற தண்ணீருக்குள் பாத்திரம் போக வேண்டும்.

தமிழ்நாடு பூராவும் வண்டி கட்டிக்கொண்டு வந்து மணிக்கணக்கில் காத்துக்கிடந்து தலையைக் கொடுக்கிற தண்ணீர், ஒரு தூக்குவாளிக்கு உதவாதாம். அகிலாண்டேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

சாக்குகளை மறுபடி ஏற்றி, கீழே ஆறு ஓடுகிற இடத்துக்கு வந்தார்கள். தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. குத்தாலிங்கம் இறங்கி முக்க, கரையிலிருந்து ஸ்ரீமதி ஜெபம் சொல்வதாக ஏற்பாடு. பாத்திரத்தைத் தண்ணீருக்குள் ஒரு கணம் கைவிட்டுப் பிடிக்க வேண்டும், விரல் மறைக்கிற இடமும் நனைய வேண்டும் என்று அவள் சொன்னாள். குத்தாலிங்கமும் கைவிட்டான். பிடிக்கத்தான் முடியவில்லை. முதல் சருவம் உருண்டுகொண்டு போயிற்று. ஐயோ என்று ஸ்ரீமதி ஒரு அடி முன்னால் வைத்தாள். பாசி பிடித்த கல். கால் வழுக்கி, பெரிய வயிற்றோடு பக்கவாட்டில் சாய்ந்தவளைக் குத்தாலிங்கம் பாய்ந்து தாங்கினான்.

“டீச்சர், தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க,” என்றான் குத்தாலிங்கம். “இந்த வயித்தோட இங்கன நிக்கக் கூடாது.”

நேரே ஆஸ்பத்திரி. குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஆனால் எடை பார்த்த டாக்டரம்மா முகத்தைச் சுளித்தாள். போன வாரம் தானேயில் பார்த்ததைவிட இரண்டு கிலோ குறைந்திருந்தது. வீட்டில் சோறு போடவில்லையா என்று அகிலாண்டேஸ்வரியைப் பார்த்துக் கேட்டாள். மகளுக்குச் சோறு போடாத தாய் என்று ஊரார் முன்னால் ஒருத்தி கேட்கும்படி ஆயிற்றே.

அன்று சாயங்காலம் ரபியே கூப்பிட்டார். நடந்ததைக் கேட்டு மனுஷன் பதறிப்போயிருந்தார். இனித் தண்ணீர்ப் பக்கமே போகாதே, வேறு வழி இருக்கிறது என்றார். யூதர் அல்லாதவருக்குச் சொந்தமான, இன்னும் சமைக்காத புதுப் பாத்திரத்தை இரவல் வாங்கிப் புழங்கினால் அதை முக்க வேண்டியதில்லை. ஆகவே ஸ்ரீமதி அவற்றைத் தாயாருக்கே கொடுத்துவிடட்டும். தாயாருடைய பாத்திரமாக இருக்கட்டும். அதில் இவள் இரவலுக்குச் சாப்பிடட்டும்.

கைலாசத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. இவ்வளவு லேசான வழியை முதலிலேயே சொல்லியிருக்கக்கூடாதா என்றார்.

அகிலாண்டேஸ்வரி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். கைலாசம் பின்னாலேயே போனார்.

“லேசா? கல்யாணத்துக்குத்தான் ஒண்ணும் செய்யாத பாவியா இருந்தேன். இப்பக் குடுத்ததையும் திருப்பி வாங்கிக்கிடணுமா? பிள்ளத்தாச்சிக்கு வெச்ச சீரத் திரும்ப வாங்குத தாய எங்கனயாச்சும் கண்டிருக்கீயளா?”

“ஏட்டி அகிலா, சும்மா வாயால சொல்லுததுதானே. அவ ஊருக்குப் போகும்போது எல்லாத்தையும் கட்டிக் குடுத்திரு.”

“அப்படிச் செய்ய முடியாதுப்பா,” என்றாள் வாசலில் வந்து நின்ற ஸ்ரீமதி. “வாய்வார்த்தையாச் சொன்னா செல்லாது. நான் மனசாரக் குடுக்கணும், அம்மா மனசார வாங்கணும். நாளைக்கு அம்மா அத வித்தாலும் ஏன்னு நான் கேக்கக் கூடாது.”

இது ஒன்றுதான் பாக்கி. பொய் சொல்லித் தப்பிக்கவாவது விடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு பாத்திரத்திலும் பெயர் வெட்டச் சொல்லி, பெயர் வெட்டுகிறவன் எதிரில் நின்று எழுத்து எழுத்தாகப் பார்த்து வாங்கி வந்தவள் அகிலாண்டேஸ்வரி. அது உன்னுடையது இல்லை என்று எப்படிச் சொல்வாள்? முடியாது என்றாள். மாப்பிள்ளை வரட்டும், ஆறோ கடலோ அவர் முக்கிக் கொள்ளட்டும் என்றாள். மாப்பிள்ளை வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் காலையில் ஸ்ரீமதி பழத்தை உரிக்க முயன்றுகொண்டிருந்தாள். இரண்டு தடவை நகம் வழுக்கியது. உரிக்காமல் தட்டிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வந்த நாளிலிருந்து பசி என்று ஒரு வார்த்தை சொல்லாதவள்.

“எம்மா, ரசஞ்சோறு தின்னணும் போல இருக்கு,” என்றாள்.

இரண்டு வருஷம் இந்தப் பெண் சாப்பிட்டாளா இல்லையா என்று கேட்காமல் இருந்தவள் நான்தானே என்று அகிலாண்டேஸ்வரி நினைத்தாள். விறுவிறுவென்று கூடத்துக்குப் போய்ப் பாத்திரங்களின் முன்னால் நின்று கையை நீட்டினாள்.

“குடு.”

ஸ்ரீமதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, அம்மா இது உனக்கு, அம்மா இது உனக்கு என்று கையில் கொடுத்தாள். கனமான உருளியையும் அண்டாவையும் அகிலாண்டேஸ்வரியே குனிந்து தூக்கிக்கொண்டாள். வாங்கி வாங்கி மறுபக்கச் சுவரோரம் வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. பொய்யாக வாங்கினால் செல்லாது என்று சொல்லிவிட்டார்களே, அதனால் நிஜமாகவே வாங்கினாள். நாற்பத்தொன்றையும் வாங்கி முடித்து இடுப்பை நிமிர்த்தியபோது, அழுகை போன இடத்தில் பழைய கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

“இப்ப இது என்னுதுதானே?”

“ஆமாம்மா.”

“என்னுதுன்னா என் இஷ்டம்தானே?”

“ஆமா.”

“அப்பச் சொல்லுதேன், கேட்டுக்கோ. இதுல ஒரு கரண்டி இந்த வீட்டு வாசலத் தாண்டாது. நீ போகும்போது கட்டித் தருவேன்னு நினைக்காத. உனக்கும் உன் பிள்ளைக்கும் இதுல திங்கணும்னா இங்கன வரணும். வருசா வருசம் வரணும். இதுல தப்பு ஏதும் இருக்கான்னு வேணும்னா உன் ரபிகிட்டக் கேளு.”

ஸ்ரீமதி போனை எடுக்கவில்லை.

“கேக்க வேண்டாம்மா,” என்றாள். “உன் பாத்திரம். நாங்கதான் வரணும்.”

யூதர் கையும் சமையலில் பட வேண்டுமாம், உலைப்பானையை அடுப்பில் ஏற்றுவது மட்டும் தன் கையாக இருக்க வேண்டும் என்று அவள் மெதுவாக இழுத்தாள். அகிலாண்டேஸ்வரி ஒதுங்கி வழிவிட்டாள்; சண்டை போட அவளிடம் தெம்பு மிச்சமில்லை. ரசம் கொதித்து, சோறு வெந்து, தட்டில் விழுந்தது. ஸ்ரீமதி கண்ணை மூடிக்கொண்டு எபிரேயத்தில் ஏதோ முணுமுணுத்தாள். ரசம் ஆறுகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள் அகிலாண்டேஸ்வரி.

மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள் ஸ்ரீமதி. தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தவள் கையிலிருந்து அகிலாண்டேஸ்வரி அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“வைட்டி. என் தட்டு, நான் கழுவுவேன்.”