இடது கம்பம்

போன வருஷம் ஃபைனல் முடிந்ததிலிருந்து, சீதா அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பை வாசலில் கழற்றுவதில்லை. வாசலுக்கு இடதுபுறம் இரண்டு முழம் தள்ளிக் கழற்றுவாள்.

"ஏன் அங்க போடுற?" என்று முதல் தடவை வேலப்பன் கேட்டான்.

"இதுதானேண்ணே அண்ணி கோல் அடிக்கிற இடம்."

வேலப்பன் சிரித்துவிட்டான். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்து இருமினான்.

குமுதா தேயிலைத் தோட்டத்து அணிக்கு உதைப்பவள். சீதா அவளுடைய நாத்தனார். கல்யாணமாகி ரிங்லெட்டுக்குப் போனவள், இப்போது ரிங்லெட் அணிக்குக் கோல்கீப்பர். ஆட்டம் அயர்லாந்துக்காரர்களுடையது. ரிங்லெட்டில் இரண்டு வருஷம் பாடம் நடத்திய ஓர் ஐரிஷ் டீச்சர் பழக்கிவிட்டது. டீச்சர் போய் ஆறு வருஷமாகிறது. ஆட்டம் போகவில்லை.

பந்தைக் கையால் பிடிக்கலாம். பிடித்தபடி நாலு எட்டு ஓடலாம். அதற்குமேல் ஓட வேண்டுமானால் தரையில் ஒரு தட்டு, அல்லது பாதத்தில் ஒரு தட்டு. வீசக் கூடாது, முஷ்டியால் குத்தி அனுப்பலாம். கம்பங்கள் இரண்டும் உயரமானவை, நடுவில் ஒரு குறுக்குக் கம்பி. கம்பிக்கு மேலே போனால் ஒரு பாயிண்ட். கீழே வலைக்குள் போனால் மூன்று. மலேசியாவின் கேமரன் மலையில் நாலு பெண்கள் அணி: தோட்டம், ரிங்லெட், கியா பார்ம், கம்போங் ராஜா. அவரவர் திடலில் பழகிக்கொண்டிருந்தவர்களுக்குப் போன வருஷம்தான் கப்புக்கான போட்டி தொடங்கியது. தோற்றால் வீட்டுக்கு.

போன வருஷ ஃபைனலில் குமுதா மூன்று தடவை உதைத்தாள். மூன்றும் இடது கம்பத்துக்கு வெளியே போயின. கடைசி உதை கடைசி நிமிஷத்தில். ஒரு பாயிண்டில் தோற்றார்கள். குமுதாவுக்குப் பெரிய ஆட்டமென்றால் கால் உதறும் என்று ரிங்லெட் டவுனில் பேச்சு. பேச்சு போகட்டும். அவளே அதை நம்பிவிட்டாள். மிஷின் பிடித்துக் கொழுந்து வெட்டும்போதும், இரவில் படுக்கும்போதும், தன் காலைப் பார்த்தால் யாரோ ஒருத்தியின் கால்போல இருந்தது. இந்த வருஷம் அவளுக்குக் கப்புகூடப் பெரிதில்லை. சீதாவின் கண் முன்னால் கம்பங்களுக்கு நடுவே ஒரே ஓர் உதை. அது போதும்.

அரையிறுதி கம்போங் ராஜாவில், கொட்டும் மழையில் நடந்தது. பந்து சோப்புபோல வழுக்கியது. யாரும் தூரத்திலிருந்து உதைக்கவில்லை. சேற்றில் விழுந்து புரண்டு ஜெயித்தார்கள். போன வருஷம் அரையிறுதியே நடக்கவில்லை. பள்ளி விடுமுறை, ஸ்ட்ராபெரி வியாபாரம் என்று கியா பார்ம் அணி வரவே இல்லை.

ஆக மறுபடி ஃபைனல், மறுபடி ரிங்லெட் திடல், மறுபடி சீதா.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலப்பன் அணியின் ஒன்பது பேரையும் லோரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, திடலின் நடுக்கோட்டுக்கு நேராகப் போய் நின்றுகொண்டான். ஓர் அங்குலம் இந்தப் பக்கமில்லை, அந்தப் பக்கமில்லை.

"அண்ணே, நீங்க யார் பக்கம்?" என்று கேட்டாள் பெட்டி. அணியிலேயே உயரமானவள், மிஷினின் மறுமுனையைக் குமுதாவோடு பிடிப்பவள்.

"நான் ரெஃபரி பக்கம்லா."

முதல் பாதியில் குமுதா இரண்டு தடவை உதைத்தாள். இரண்டும் இடது கம்பத்துக்கு வெளியே.

"வாசல் இங்க இருக்கு அண்ணி!" என்று சீதா இரண்டு கம்பங்களையும் தொட்டுக் காட்டினாள். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். விசில் அடித்தபோது ரிங்லெட் ஐந்து, தோட்டம் ஒன்று.

இடைவேளையில் குமுதா தனியாக உட்கார்ந்து காலுறையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். கேப்டன் ஃபியோனா ஆரஞ்சுச் சுளையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோட்டத்துத் தேநீர்க் கடையில் வேலை பார்க்கும் பெண்.

"விடுங்கக்கா. நானும்தான் வெளிய அடிச்சேன்."

"எந்தப் பக்கம்?"

"இடது."

குமுதா நிமிர்ந்தாள். "பெட்டி, நீ அடிச்சது?"

"இடதுதான்க்கா."

"ஜெயா?"

"அதை ஏன் கேக்குற? கார் நிறுத்துற இடத்துக்கே போச்சு. இடது பக்கம்."

குமுதா ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "எனக்குப் பயம், சரி. எல்லாருக்குமே பயம்னு வச்சுக்குவோம். எல்லாருக்கும் ஒரே பக்கமாவா பயம் வரும்?"

பெட்டி எழுந்து நின்றாள். கால்களை அகட்டினாள், சேர்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"அக்கா, இந்த பாடாங் சரியில்லக்கா" என்று திடலைக் காட்டினாள்.

"என்ன சரியில்ல?"

"நேரா இருக்கு."

முதலில் சிரித்தவள் ஜெயா. பிறகு ஒன்பது பேரும் சிரித்தார்கள். குமுதா ஆரஞ்சு புரையேறி, கண்ணீர் வழிய, முதுகில் அடி வாங்கிக்கொண்டே சிரித்தாள். தோட்டத்துத் திடல் மலையில் வெட்டியது. வலது பக்கம் சாய்ந்து லோங்காங்கில், மழைத்தண்ணீர் ஓடும் சாக்கடையில், போய் முடியும். கம்பங்கள் ஒரே ஒரு முனையில்தான் உண்டு. அங்கே நின்று நேராக உதைத்தால் பந்து வலதுபுறம் ஓடிவிடும். இடது கம்பத்தைப் பார்த்து உதைத்தால்தான் நடுவில் விழும். ஆறு வருஷமாக அப்படித்தான் உதைக்கிறார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. உடம்பு தானாகக் கற்றுக்கொண்டது. இப்போது சமதரையிலும் அதையே செய்கிறது.

குமுதா தன் காலைப் பார்த்தாள். அது அவளுடைய கால்தான்.

"பத்து நிமிஷத்துல காலை மாத்த முடியுமா?" என்றாள் ஃபியோனா.

"பாப்போம்."

இரண்டாம் பாதியின் முதல் உதையைக் குமுதா வலது பக்கம் திருத்தி உதைத்தாள். பந்து வலது கம்பத்தையும் தாண்டிப் போய் வேலப்பனின் லோரிக் கதவில் மோதியது.

"ஆஹா, இப்ப ரெண்டு பக்கமும் பழகிட்டீங்களா அண்ணி!"

"ஆமா சீதா, ஊரைச் சுத்திப் பாக்குறேன்!" என்று குமுதா கத்தினாள். போன வருஷம் இப்படிப் பதில் சொல்ல வாய் வந்திருக்காது.

திரும்பி ஓடிவரும்போது ஃபியோனாவிடம் சொன்னாள்: "காலை விடு. கையால போலாம்."

ஒன்பது பேரில் ஆறு பேர் மிஷின் பிடிப்பவர்கள். ஆளுக்கொரு முனையைத் தூக்கிக்கொண்டு, ஒருத்தி எட்டு வைத்தால் மற்றவளும் எட்டு வைத்து, நாள் முழுக்கச் சரிவில் நடப்பவர்கள். பக்கத்தில் இருப்பவள் எங்கே இருக்கிறாள் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பிடித்தார்கள், நாலு எட்டு, குத்து. பிடித்தார்கள், நாலு எட்டு, குத்து. கம்பத்துக்குக் கீழே வரைக்கும் போய்க் கம்பிக்கு மேலே முஷ்டியால் தூக்கிவிட்டார்கள். ஒன்று. இன்னொன்று. கோல் பக்கம் நின்று ஒவ்வொரு பாயிண்டுக்கும் வெள்ளைக் கொடி காட்டும் பழனியப்பனுக்குக் கொடியை இறக்க நேரமில்லை.

ரிங்லெட் சும்மா இருக்கவில்லை. அவர்கள் அழகாக உதைப்பவர்கள். ஒரு நிமிஷம் இருக்கும்போது ரிங்லெட் எட்டு, தோட்டம் ஏழு. ஃபியோனாவின் சட்டையை ஒருத்தி பிடித்து இழுக்க, ரெஃபரி விசில் அடித்தார். ஃப்ரீ கிக். கம்பத்துக்கு நேர் எதிரே, இருபது மீட்டர். இதைக் கையால் போட முடியாது. உதைத்தாக வேண்டும்.

எல்லாரும் குமுதாவைப் பார்த்தார்கள்.

பந்தைத் தரையில் வைத்தாள். நடுவில் அடித்தால் ஒரு பாயிண்ட், ஆட்டம் சமம். ஒரு வருஷமாக அவள் ஏங்கிய உதை அதுதான். காரணம் தெரிந்துவிட்டது. கொஞ்சமாகத் திருத்தினால் போகக்கூடும். போகாமலும் இருக்கலாம். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். திருத்தாமல் உதைத்தால் பந்து எங்கே போகும் என்பது.

பெட்டியைக் கூப்பிட்டுக் காதில் சொன்னாள்: "இடது பக்கம், கோல் முன்னால இருக்குற கோட்டுக்கு வெளிய நில்லு. நான் உதைச்சதும் ஓடு. தாழ்வா வரும்."

சீதா கையை விரித்து நின்றாள். "இந்த வருஷமும் அதே பக்கம்தானா அண்ணி?"

"அதே பக்கம்தான்."

சீதா சிரித்தாள். உண்மையைச் சொன்னதாக அவள் நினைக்கவில்லை.

குமுதா எதையும் திருத்தவில்லை. தோட்டத்துச் சரிவில் நிற்பதுபோலவே நின்று, ஆறு வருஷம் உதைத்ததுபோலவே உதைத்தாள். பந்து தலைக்கு ஒரு முழம் மேலே, இடது கம்பத்துக்கு வெளியே போகிற வழியில் போனது. சீதா அதைப் பார்த்துக் கையை இறக்கினாள். கரையிலிருந்து பெருமூச்சு வந்தது. அப்போது பெட்டி வந்தாள். எம்பினாள். பறக்கிற பந்தை முஷ்டியால் ஒரு குத்து.

வலை உப்பியது.

பழனியப்பன் வெள்ளைக் கொடியைக் கையில் எடுத்து, கீழே போட்டு, பச்சைக் கொடியைத் தேடி எடுத்து ஆட்டினார். மூன்று பாயிண்ட். பந்து நடுவுக்கு வருவதற்குள் விசில்.

குமுதாவுக்கு அடுத்து நடந்தது துண்டு துண்டாகத்தான் தெரியும். பெட்டி அவளைத் தூக்கினாள். ஜெயா பெட்டியின் மேல் ஏறினாள். மூவரும் விழுந்தார்கள். நடுக்கோட்டில் நின்ற வேலப்பன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு பக்கமாக ஓடிவந்தான். பாதி தூரம் வந்ததும் தங்கச்சி ஞாபகம் வந்து கையை இறக்கினான். அப்புறம் மறுபடி தூக்கிவிட்டான்.

கப்பு சின்னது. ரிங்லெட் டவுன் கடையில் அதைக் கழுவி, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயை ஊற்றச் சொன்னார்கள். கை மாறிக் கை மாறி வந்தது. குமுதாவிடம் வருமுன் பின்னாலிருந்து ஒரு கை அதை எட்டிப் பறித்தது.

சீதா பாதியைக் குடித்து முடித்தாள்.

"ஏய், அது ஜெயிச்சவங்களுக்கு!" என்றாள் பெட்டி.

"தோத்தவங்களுக்குத்தான் தாகம் ஜாஸ்தி." வாயைத் துடைத்துக்கொண்டு குமுதாவிடம் குனிந்தாள். "தெரிஞ்சே அந்தப் பக்கம் அடிச்சீங்களா அண்ணி? சத்தியமா சொல்லுங்க."

"சொன்னேனே, நீ எங்க நம்புன?"

"இந்த வாயை எங்கண்ணன் எப்படித்தான் சமாளிக்கிறாரோ."

"அவரு ரெஃபரி பக்கம்."

சீதா அவள் தோளில் அடித்தாள். பலமான அடி. பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, காலிக் கப்பை உயர்த்திக் கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"இன்னொன்னு ஊத்துங்கண்ணே. நுரை நிறைய."