கோயிலுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று

பர்னபாஸ் இத்தனை வருஷமாகச் சுகிர்தராணியை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். அந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, வளைகுடாவில் ஃபஹாஹீலில் இருக்கும் அவள் ஃபிளாட் கதவைத் தட்டி, "தங்கச்சி, சொகமா இருக்கியளா?" என்று பல்லைக் காட்டியபோதே, ஆளுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவருடைய மகன் ஜெனோ ஹூஸ்டனில் இருக்கிறான். இருக்கிறான் என்றால், ஷாஜினி அழைத்துப்போனதால் இருக்கிறான். ஷாஜினி முன்பு இங்கே சுகிர்தராணியின் வார்டில் நர்ஸாக இருந்தவள். இதே ஃபிளாட்டின் உள்ளறையில் தங்கியிருந்தவள். அமெரிக்காவுக்குப் போய், அங்கே குடியுரிமையும் வாங்கிய பிறகு, அப்போது இங்கே தகப்பனோடு இருந்து வேலை பார்த்த ஜெனோவைக் கட்டினாள். ஊர்க் கோயிலில் கல்யாணம். பெண் பக்கத்துச் சாட்சிக் கையெழுத்தைப் போட்டது சுகிர்தராணி. அன்றிலிருந்து பர்னபாஸ், "அமெரிக்கா மருமவ" என்று சொல்லாமல் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் செபத்துக்குக் கூடும் அன்பியத்துக்கு அவர்தான் தலைவர். அந்தக் கூட்டத்தில், செபத்துக்கு நடுவிலும் அதைச் செருகிவிடுவார்.

அமெரிக்கா போன ஜெனோவுக்கு இரண்டு வருஷம் முடிவதற்குள் மனைவி கசந்துவிட்டாள். நர்ஸ் புருஷன் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். துரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் பிடித்த வீட்டில் படுத்துக்கிடக்கும்போதும், அவள் நைட் டியூட்டி முடித்து வந்து பொங்கிப்போட்டதைத் தின்னும்போதும் மட்டும் அந்த ரோஷம் எங்கேயோ வெளியூர் போயிருந்தது. கடைசியில் விவாகரத்து வழக்குப் போட்டதும் அவன்தான்.

அது போகட்டும். மஸ்கட்டில் அஜிஷா என்று ஒரு டாக்டர் பெண்ணை அதற்குள் பார்த்துவிட்டார்கள். பெண் வீட்டார் இரண்டே இரண்டு கேட்டார்களாம். மாப்பிள்ளை அமெரிக்காவிலேயே நிலைத்திருக்க வேண்டும். தாலி கோயிலில் கட்ட வேண்டும். முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது கோயிலில் எப்படி இன்னொரு தாலி கட்டுவது? அதற்குத்தான் ஊரில் பிஷப்பின் ஆயர் இல்லத்துத் திருமணக் கோர்ட்டில் மனுக் கொடுத்தார்கள், அந்தக் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே கல்யாணமே இல்லை என்று. "மனசார நான் சம்மதிக்கவில்லை. அமெரிக்கா போவதற்காகத் தலையாட்டினேன். ஒரு நாள்கூட அவளை மனைவியாக நினைத்ததில்லை" என்று ஜெனோ கைப்பட எழுதினான். அதற்குப் பக்கத்தாளம் போட, அன்பியத்து ஆட்களிடம் எல்லாம் பர்னபாஸ் கையெழுத்து வாங்கினார். அவர் போட்ட பிரியாணியைத் தின்ற வாய்களெல்லாம் கூசாமல் ஆமாம் சாமி போட்டன. போடாதவள் சுகிர்தராணி ஒருத்திதான்.

மனு விஷயம் தெரிந்த அன்றைக்கு ஷாஜினி போனில் அழுதாள். "வேண்டாம்னா விட்டுட்டுப் போவட்டும்க்கா. நான் புடிச்சா வச்சிருக்கேன்? நடக்கவே இல்லன்னு சொல்லுறாங்களே. அப்ப நான் யாரு கூட இருந்தேன், என்னவா இருந்தேன்?"

அந்தக் கேள்வியைச் சுகிர்தராணி மறக்கவில்லை. இப்போது அதே பர்னபாஸ் அவள் சோபாவில் உட்கார்ந்து, அவள் போட்ட சுலைமானி டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஒரு லெட்டர் வேணும் தங்கச்சி. அமெரிக்காவுக்கு."

"என்ன லெட்டர்?"

"எனக்க மோனுக்கு அங்க குடுத்த கிரீன் கார்டு ரெண்டு வருசத்துக்குத்தான். கண்டிஷன் கார்டு. அதை நெலையான கார்டா மாத்தணும்னா புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்து கேக்கணுமாம். அங்க டைவர்ஸ் கேஸ் நடக்குதுல்லா. அதனால தீர்ப்பு வந்ததும் அவன் தனியாக் கேக்கப்போறான். ஆனா கல்யாணம் உண்மையாட்டு நடந்ததுன்னு காட்டணுமாம். கார்டுக்காகக் கெட்டினது இல்ல, ஆசப்பட்டுக் கெட்டி, ஒண்ணா வாழ்ந்தாங்கன்னு தெரிஞ்ச ஆளுவ எழுதித் தரணும்னு வக்கீல் சொல்லுறான்."

சுகிர்தராணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "அன்பியத்துல அத்தன பேரு இருக்காங்களே, எழுதச் சொல்ல வேண்டியதுதான?" என்றாள்.

பர்னபாஸ் ஏசியைப் பார்த்தார். பிறகு டம்ளரைப் பார்த்தார்.

"அவங்க எல்லாம் மத்ததுல போட்டுட்டாங்கல்லா" என்றார் மெல்ல. "வேற எங்கயாவது மாத்தி எழுதிக் குடுத்த ஆளுட்ட வாங்கக்கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டான். நீங்க ஒருத்தர்தான் சுத்தமா இருக்கிய. அதுவும் கல்யாணச் சாட்சி."

ஊரையெல்லாம் பொய் சொல்லவைத்துவிட்டு, பொய் சொல்லாதவளைத் தேடிப்பிடித்து வந்திருக்கிறார். அதையும் பாராட்டுப் பத்திரம் வாசிப்பதுபோலச் சொன்னார். சுகிர்தராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப கோயில்ல போட்ட மனு?"

"அது அங்க நடக்கும். ஒங்களுக்கும் கேள்வித்தாள் வந்திருக்குமே? அதுல, கல்யாணத்தன்னைக்கே பையன் மொகம் செரியில்லன்னு ரெண்டு வரி எழுதிருங்க. போதும்."

"அமெரிக்காவுக்கு எழுதுனா, ஆசப்பட்டுக் கெட்டினான். ஆயருக்கு எழுதுனா, மொகம் செரியில்ல. அப்படித்தான?"

"அது அமெரிக்கா, இது கோயிலு. ரெண்டும் வேற வேற எடம்ல்லா தங்கச்சி" என்றார் பர்னபாஸ். கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார். அந்த முகத்தில் வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா என்று அவள் தேடிப் பார்த்தாள். செபக் கூட்டத்தில் கண்மூடி நிற்கும் அதே முகம்தான் இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தாள். அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திவிட்டு, அவர் குடித்த டம்ளரை இரண்டு தடவை கழுவினாள்.

எழுதிக் கொடுப்பதில்லை என்றுதான் அவள் முடிவு செய்திருந்தாள். கார்டு போனால் போகட்டும். துரை பெட்டியைக் கட்டிக்கொண்டு வரட்டும். ஷாஜினியிடம் அதைச் சொன்னபோது, சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள்.

"எழுதிக் குடுங்கக்கா" என்றாள் ஷாஜினி.

"ஒனக்கென்ன பைத்தியமா? அவனுக்கா எழுதச் சொல்லுத?"

"அவனுக்கு இல்ல. கார்டு இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா, அந்தக் கல்யாணம் பொய்யின்னு இந்த நாட்டு கவர்மெண்டும் சொன்ன மாதிரி ஆயிரும்லா. கோயில்லயும் பொய்யி, இங்கயும் பொய்யின்னா எனக்கு என்னக்கா மிச்சம்? நீங்க பாத்தத எழுதுங்க. கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

சுகிர்தராணி ஒரு இரவு முழுக்க அவனைத் திட்டித் தீர்த்தாள். பிறகு எழுத உட்கார்ந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பர்னபாஸ் வந்ததும் கடிதத்தைக் கையில் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாதி படிக்கும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது போதும், இது போதும்" என்று துள்ளியவர், அங்கிருந்தே ஜெனோவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து உரக்கப் படித்தார்.

"விசா வருவதற்கு முன் ஷாஜினி விடுமுறையில் வந்து, இருவரும் என் வீட்டில் ஒரு மாதம் குடியிருந்தார்கள். அப்போது அவளுக்குச் சின்னம்மை போட்டது. ஜெனோவுக்கு அதுவரை அம்மை போட்டதில்லை. தகப்பன் வீட்டுக்குப் போய்விடு என்று நானே சொன்னேன். அவன் போகவில்லை. டியூட்டிக்கு லீவு சொல்லிவிட்டு, அவள் சொறிந்துவிடாதபடி கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தான். கஞ்சியை அவனே ஊட்டினான். பிறகு அவனுக்கும் போட்டது. இருவரும் முகமெல்லாம் கேலமைன் லோஷன் பூசிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள். இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருக்கிறேன். மனைவிக்கு இப்படிச் செய்த புருஷன்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்கள் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள் என்பதற்கு நான் சாட்சி."

"சூப்பர் ஆன்ட்டி" என்றது போன். "தேங்க் யூ ஸோ மச்."

பர்னபாஸ் கடிதத்தைப் பத்திரமாக உறையில் வைத்தார். "அப்ப அந்தக் கோயில் கேள்வித்தாளையும்..."

"அதுக்குப் பதில் அனுப்பியாச்சு அண்ணா. இதே எழுத்துத்தான். ஒரு எழுத்து மாத்தல. நம்ம ஃபாதருட்ட காட்டி, சீலும் வச்சித்தான் ஆயர் இல்லத்துக்கு அனுப்புனேன்."

பர்னபாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன காரியம் செஞ்சிட்டிய! பின்ன அந்த மனு எப்படி நிக்கும்? கெட்டின பொண்டாட்டி பக்கத்துல கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தவன், சம்மதமே இல்லன்னு சொன்னா எவன் நம்புவான்? மஸ்கட்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"நீங்கதான அண்ணா உண்மைய எழுதச் சொன்னிய? எனக்கு ஒரே உண்மைதான் தெரியும்."

அவர் எழுந்து நின்று கத்தத் தொடங்கினார். துரோகம் என்றார், ஒரு குடும்பத்தைக் கெடுத்தவள் என்றார். சுகிர்தராணி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்றைக்கு மனம் குளிர்ந்திருந்தது. கார்டும் கிடைக்கட்டும், கல்யாணமும் கல்யாணமாகவே இருக்கட்டும். எவளையும் இன்னொரு முறை கோயிலுக்கு இழுத்துப்போய் ஏமாற்ற முடியாது.

"அப்பா, அப்பா, ரிலாக்ஸ்" என்றது போன். "சர்ச் கேஸ வாபஸ் வாங்கிருங்க. நான் எழுதினது அங்க கெடந்தாலே கார்டுக்கு ரிஸ்க்."

"அஜிஷா வீட்டுல மக்கா?"

"விடுங்கப்பா. கார்டு கெடச்சா வேற பாத்துக்கலாம்."

பர்னபாஸ் பொத்தென்று உட்கார்ந்தார். மஸ்கட்டில் புடவை எடுத்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணை நினைத்து, சுகிர்தராணிக்கு முதன்முறையாக நிம்மதி வந்தது. தப்பித்துக்கொண்டாள் பிள்ளை.

"ஆன்ட்டி, லைன்ல இருக்கீங்களா?" ஜெனோவின் குரல் இப்போது பணிவாக வந்தது. "அந்த சிக்கன்பாக்ஸ் மேட்டர். அது எந்த வருஷம்? இன்டர்வியூல கேட்டாலும் கேப்பாங்க."

"ஒனக்கு ஞாபகம் இல்லியா?"

"இல்ல ஆன்ட்டி, சுத்தமா இல்ல. ஃபர்ஸ்ட் யாருக்கு வந்துச்சு, எனக்கா அவளுக்கா?"

சுகிர்தராணி போனைக் கூர்ந்து பார்த்தாள். பொய் சொல்கிறான் என்றால் திட்டியிருப்பாள். அவன் பொய் சொல்லவில்லை.

"அவளுக்கு" என்றாள். "ஒனக்கு அவகிட்ட இருந்துதான் வந்துச்சு."

"ஓகே. ஒரு நிமிஷம் ஆன்ட்டி" என்றான் ஜெனோ. "மெதுவாச் சொல்லுங்க, டைப் பண்ணிக்கிறேன்."