தடுப்பு, பிறகு குத்து

என் மனைவி இறந்த ஒன்பதாம் நாள் அவளுடைய அண்ணன் வந்து என் மகளைத் தூக்கிக்கொண்டு போனார். மகளுக்கு ஆறு வயது.

"டாக்டர்கிட்ட சத்தமா ஒரு வார்த்தை கேக்கத் துப்பில்ல. கையக் கட்டிக்கிட்டு நின்ன. நீயெல்லாம் ஒரு ஆம்பளயா? இந்தப் புள்ளைய எப்படிக் காப்பாத்துவ?"

மகளின் ஒரு செருப்பு கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தேன்.

மச்சான் லாரி டயர் கடை வைத்திருக்கிறார். ஒற்றைக் கையால் டயரை உருட்டிக்கொண்டே போனில் பேசுவார். கல்யாண நாளிலிருந்தே அவரைக் கண்டால் எனக்குப் பயம். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். இம்மி பிசகினாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். ஓர் ஆள் குரலை உயர்த்தினால் என்ன செய்வதென்று மட்டும் தெரியாது.

அடுத்த வாரமே கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். சலவைக் கடையின் மாடி. கீழே ஓடும் இஸ்திரிப் பெட்டிகளின் சூடு தரையில் ஏறும். மாஸ்டருக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு. பகலில் கூரியர் கம்பெனியில் பார்சல் பிரிக்கிறார்.

"எதுக்கு சார் சேர்றீங்க?"

"பயம் போகணும்."

"அது போகாது சார். ஆனா அது வாயத் தெறக்கறதுக்குள்ள கை வேலைய முடிச்சிடும்."

எனக்கு ஜோடியாக ஒரு வங்கிக் காசாளர் வாய்த்தார். "நான் பொண்டாட்டிய எதுத்துப் பேசப் பழகத்தான் வந்தேன். நீங்க?"

"மச்சான."

"அடேங்கப்பா, பெரிய கேஸு! வீட்ல என்ன சொல்றாங்க?"

"இல்ல."

"என்ன இல்ல?"

"அவ இல்ல."

அதன் பிறகு இரண்டு வாரம் அவர் என்னை மெதுவாகவே குத்தினார்.

எதிராளியின் கை உயர்ந்தால் இடது கையால் தடுப்பு, வலது கையால் மூக்கில் குத்து. தினமும் இருநூறு தடவை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். கண்ணாடி இல்லாவிட்டால் என் கண்ணுக்கு மனிதர்கள் கொடியில் ஆடும் துணி மாதிரி. முகம் தெரியாதது சௌகரியமாக இருந்தது. வீட்டில் மனைவியின் பீரோவின் முன் நின்று பழகினேன். அழ வரவில்லை. குத்த வந்தது.

ஞாயிறுதோறும் மகள் போனில் பேசுவாள். "எப்பப்பா என்னக் கூட்டிட்டுப் போவீங்க?"

"கொஞ்ச நாள்மா."

ஏழு மாதம் கழித்து மச்சானைக் கூப்பிட்டேன். "வர ஞாயித்துக்கெழம புள்ளையக் கூட்டிட்டுப் போக வரேன்." குரல் நடுங்கவில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

அவர் வீட்டு வாசற்படியில் நின்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.

"என்ன மாப்ள, கண்ணாடியக் கழட்டிட்டீங்க? தூங்கவா வந்தீங்க?"

அவர் என்னை மாப்ள என்று கூப்பிட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. அப்போது அது உறைக்கவில்லை. கிட்டே வந்தார். கை உயர்ந்தது. தடுத்தேன். குத்தினேன்.

மாஸ்டர் சொன்னது சரி. கை என்னைக் கேட்கவேயில்லை.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மச்சான் தரையில் உட்கார்ந்திருந்தார். மூக்கிலிருந்து மேல்சட்டைப் பித்தான் வரை ரத்தம். பக்கத்தில் மகளின் பள்ளிக்கூடப் பை. துணி, புத்தகம், புதுப் பென்சில் டப்பா, எல்லாம் ஜிப் பிதுங்க அடைத்திருந்தது. அதை என் தோளில் மாட்டத்தான் கையைத் தூக்கியிருக்கிறார்.

திருப்பி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. உள்கதவைப் பார்த்து, "ஒண்ணுமில்லடா கண்ணு, அப்பாவும் மாமாவும் விளையாடுறோம்" என்றார்.

கதவருகே மகள் நின்றிருந்தாள். நடந்து வந்து பையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. வாசல் பக்கம் இழுத்தாள்.

"நான் வந்துடறேம்ப்பா. மாமாவ அடிக்காதீங்க."

வகுப்பில் காசாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சாதிச்சிட்டீங்க சார்! ஆம்பள சார் நீங்க!"

மகள் வந்து மூன்று வாரமாகிறது. தட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிடுகிறாள். படு என்றால் படுக்கிறாள். மாமாவோடு பேசட்டுமா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நான் கூப்பிட்டால் முதல் குரலுக்கே ஓடி வந்து நிற்கிறாள், கொஞ்சம் தள்ளி.