சொல்லிவிட்டு அணைத்த மின்சாரம்

கையிலிருந்த சின்னப் பெட்டியின் பொத்தானை அவள் அழுத்தி மின்சாரத்தைப் பிடுங்கியதும் கம்ப்யூட்டர் அடுக்கில் செருகியிருந்த டிரைவின் பச்சை விளக்கு பட்டென்று அணைந்துபோனது. அவள் நெற்றி சுருங்கியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே ரக டிரைவை வைத்து இதே சோதனையைச் செய்தபோது அந்த விளக்கு இப்படி அணையவில்லை. படபடவென்று மூன்று நான்கு முறை சிமிட்டிவிட்டு, அப்புறம் சாவகாசமாகத்தான் அணைந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அவளும் டீயைக் குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது திரும்பவும் மின்சாரத்தைக் கொடுத்து, டிரைவில் எழுதியது எல்லாம் எழுதியபடி இருக்கிறதா என்று சரிபார்க்கக் கம்ப்யூட்டரிடம் சொன்னாள். திரையில் பிழைகள் சிவப்பாக வரிசை வரிசையாக வந்தன. எழுதியதில் பாதியைக் காணோம். மீதி எங்கே இருக்கிறது என்று டிரைவுக்கே தெரியவில்லை. இன்னொரு டிரைவை மாட்டினாள். அதுவும் அப்படியே. மூன்றாவதையும் மாட்டினாள்.

அவள் வேலையை விளக்கிச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். 'நல்ல பொருளைக் கெடுக்கறதுக்கு இவளுக்குச் சம்பளம்' என்று அவள் அக்கா சொந்தக்காரர்களிடம் சொல்வாள். அது ஒன்றும் தப்பில்லை. வங்கி, ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் பெரிய கம்ப்யூட்டர்களுக்குள் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. டிரைவ்கள் விற்பனைக்குப் போகும் முன் அவள் லேபுக்கு வரும். வீட்டு லேப்டாப்பில் இருப்பதைவிடப் பல மடங்கு விலை. விலைக்கு ஏற்ற உழைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது இவள் பொறுப்பு. வாரக்கணக்கில் எழுதி எழுதி அதைத் தேய வைப்பாள். சூட்டில் போட்டு வாட்டுவாள். வேகம் முதல் நாள் இருந்ததுபோல் முப்பதாம் நாளும் இருக்கிறதா என்று பார்ப்பாள். கடைசியாக, அது மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்குவாள். வீட்டு டிரைவ் அதில் தடுமாறினால் மன்னிக்கலாம். இந்த ரகம் தடுமாறக் கூடாது. கரண்ட் போன அந்த நொடியில், உள்ளே சேர்த்து வைத்திருக்கும் துளி மின்சாரத்தைக் கொண்டு, கையிலிருப்பதை எல்லாம் பத்திரமாக எழுதி முடித்துவிட்டுத்தான் அது படுக்க வேண்டும். லேபில் அவளுக்குக் கறார் மேடம் என்று பெயர். டிரைவ் விற்கிறவர்கள் அவள் பெயர் காதில் விழுந்தாலே சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்கள். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரக் கொள்ளைப் பெருமை. இல்லாத மாதிரி காட்டிக்கொள்வாள்.

அந்தக் கறார் மேடம் செய்த காரியம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த முதல் சோதனையின்போது மின்சாரத்தைப் பிடுங்கும் ஸ்விட்ச் பெட்டி பழுதாகிக் கிடந்தது. ரிப்பேருக்குப் போனது வர நாளாகும் என்றார்கள். டிரைவ் கம்பெனிக்காரர்களோ ரிப்போர்ட் கேட்டுக் குடைந்தார்கள். பெட்டிக்குப் பதிலாக, கம்ப்யூட்டரே தன்னை அணைத்துக்கொண்டு மறுபடி எழும்படி ஒரு கட்டளையை எழுதிவிட்டு அவள் டீயோடு உட்கார்ந்துவிட்டாள். கம்ப்யூட்டர் மரியாதை தெரிந்தது. அணைவதற்கு முன்னால் டிரைவிடம், 'இதோ கரண்ட் போகப்போகிறது, கையிலிருப்பதை முடித்துக்கொள்' என்று சொல்லிவிட்டுத்தான் அணையும். அந்தச் சிமிட்டல் அதுதான். ஓட்டலுக்குப் போன் போட்டு, 'மதியம் சோதனைக்கு வருகிறோம்' என்று சொல்லிவிட்டுப் போய், சமையலறை பளபளவென்று இருப்பதாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்த மாதிரி. ஆயிரக்கணக்கான தடவை அணைத்தும் ஒரு பிழையும் இல்லை. இந்த ரகம் அருமை என்று கையெழுத்துப் போட்டாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முதல் நாளே அவள் சொல்லித்தரும் பாடம், சொல்லிவிட்டு அணைக்காதே என்பது.

பழைய ரகத்தை அவள் இப்போது மறுபடி எடுத்துச் சோதித்ததற்குக் காரணம் அக்கா வீட்டுக்காரர். ஒரு பெரிய ஸ்கேன் சென்டரில் அவர் எலக்ட்ரீஷியன். ஜெனரேட்டர், யு.பி.எஸ்., ஏ.சி., லிஃப்ட் எல்லாம் அவர் பாடு. ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் புது சர்வருக்கு எந்த டிரைவ் வாங்கலாம் என்று அங்கே பேச்சு எழுந்தபோது, 'எங்க வீட்டுப் பொண்ணு இதுலதான் இருக்கு' என்று வாய்கொள்ளாமல் சொல்லியிருக்கிறார். அவளும் இந்த ரகத்தைத்தான் சொன்னாள். போன வாரம் யு.பி.எஸ்.ஸில் பாட்டரி மாற்றும்போது அவர் தவறான ஸ்விட்சை இறக்கிவிட்டார். சர்வர் ஒரு நொடியில் இருண்டது. அன்று காலை எடுத்த ஸ்கேன் படங்கள் அத்தனையும் போய்விட்டன. ஒன்றுக்கு இரண்டாக நகல் வைத்திருந்தார்கள். இரண்டும் இதே ரகம், இரண்டும் கலைந்துவிட்டன. ஸ்கேன் எடுத்துக்கொண்டு போனவர்களை எல்லாம் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. அக்கா போனில் இதைச் சொன்னபோது, அந்த டிரைவ் அப்படிச் சாகாதே என்று இவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வியாழக்கிழமை கோபத்தோடுதான், ரிப்பேராகி வந்திருந்த பெட்டியை எடுத்தாள்.

லேப் தலைவரை எல்லோரும் 'பாத்துக்கலாம் சார்' என்பார்கள். எதைக் கொண்டுபோனாலும் அந்த ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். கெட்ட மனிதர் இல்லை. அன்றே அவள் போய்ச் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடுத்த லோடு வரும்போது கம்பெனிக்காரன்கிட்ட சொல்லிச் சரி பண்ணிக்கலாம். பழசைத் தோண்டாதம்மா, உன் பேருதான் நாறும். ஸ்கேன் சென்டர்ல ஒரு ஆளு ஸ்விட்சை மாத்தி இறக்கிட்டாருன்னு அவங்களே சொல்லிட்டாங்களே. அப்புறம் என்ன? பாத்துக்கலாம்."

அந்த ஆள் என் அக்கா புருஷன் என்று அவள் சொல்லவில்லை. வாய் வரை வந்ததை மென்று முழுங்கினாள். அறையைவிட்டு வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. நிம்மதி. வேறு ஒன்றும் இல்லை, சுத்தமான நிம்மதி. தன் மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது அதற்குக் கொஞ்சம் கழித்துத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்காரர் அவள் வீட்டுக்கு வந்தார். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். கல்யாணமாகி அக்காவை அழைத்துப்போக வந்தபோது இவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஒருநாளும் இவளிடம் அவர் இப்படி நின்று பேசியதில்லை.

"உங்க அக்காவுக்குத் தெரியாம வந்தேம்மா. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு. உன் பேரைக் கெடுத்துட்டேன்."

"என்ன மாமா நீங்க..."

"இல்லம்மா. அங்க எல்லாரும் முதல்ல டிரைவ் மேலதான் பழி போட்டாங்க. நான்தான் சொன்னேன், அது எங்க வீட்டுப் பொண்ணு ராத்திரி பகலா சோதிச்சது, அதுல கோளாறு வராது, தப்பு என் கையிலதான்னு. எழுதியே குடுத்துட்டேன். திங்கக்கிழமை கூப்பிட்டிருக்காங்க."

டிவியின் சத்தத்தைக் குறைத்த அவள் கணவன், சூழ்நிலையைக் கலகலப்பாக்குவதாக நினைத்துக்கொண்டு, "இவ கையால பாஸாகறதுன்னா சும்மாவா அண்ணே? என் சமையலே இன்னும் பாஸாகல" என்றான். அவர் சிரித்தார். நல்லபடியாக, மனசுவிட்டுச் சிரித்தார். அவள் டீ போடுகிறேன் என்று உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் பாத்திரத்தில் நிரம்பி வழிவதைப் பார்த்தபடி நின்றாள். சொல்ல இரண்டு வாக்கியம் போதும். மனதுக்குள் கோத்தும் பார்த்தாள். டீயைக் கொடுத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அவர் குடித்தார். கோத்து வைத்ததைச் சொல்லவில்லை. கணவன் முன்னால் வேண்டாம் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டினாள். கணவன் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டான். இவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழி இடப்பக்கம். அவர் வலப்பக்கம் கொஞ்ச தூரம் போய்விட்டு, நினைவு வந்து திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள்.

"இந்த மனுஷன்கிட்ட நான் பேசறதையே விட்டுட்டேன்டி. வேலையிலேர்ந்து நிறுத்திடுவாங்க போல. அதுகூடப் பரவால்ல, எங்கயாவது பொழைச்சுக்கலாம். உன் பேரைச் சொல்லி வாங்க வச்சு, உன்னையும் இதுல இழுத்து விட்டாரே, அதைத்தான் என்னால தாங்க முடியல. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதடி."

"அக்கா" என்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அழறியா? நீ எதுக்குடி அழற?"

திங்கள் காலை அவள் லேபுக்குப் போகவில்லை. ஸ்கேன் சென்டரின் மாடியில் நிர்வாகியின் அறைக்கு வெளியே நீள பெஞ்சு போட்டிருந்தது. அந்த வராந்தாவிலேயே மறுபடி ஸ்கேன் எடுக்க வந்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பெண், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்துகொண்டிருந்த ஒரு அப்பா, வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால் முகம் வாடிப்போயிருந்த ஒரு பெரியவர். நாங்கள் என்ன பண்ணினோம், எங்களை ஏன் திரும்ப வரச் சொன்னார்கள் என்று யாரும் சண்டை போடவில்லை. சொன்னார்கள், வந்துவிட்டார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். பெஞ்சின் கோடியில் அக்கா வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நீ எதுக்கும்மா லீவு போட்டுட்டு? நான் பாத்துக்க மாட்டேனா?" என்றவர் நகர்ந்து இடம் கொடுத்தார். துணைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் உட்காராமலே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம்.

"மாமா, நீங்க ஸ்விட்சை மாத்தி இறக்கினாக்கூட அது தாங்கியிருக்கணும். அதுக்குத்தான் அவ்வளவு விலை. இது தாங்காதுன்னு நான் கண்டுபிடிச்சிருக்கணும். கரண்டைச் சும்மா பிடுங்கிப் பாக்கணும். நான் அதுகிட்ட சொல்லிட்டு அணைச்சேன். ஒவ்வொரு தடவையும் பாஸாச்சு. என் சோதனைதான் தப்பு."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. தொடை மேல் கிடந்த கைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ என் கை மேல தப்பு இல்லையா?"

"ஸ்விட்சை மாத்தினது தப்புதான் மாமா. ஆனா படம் போனது உங்களால இல்ல."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். பிறகு, ஏதோ கணக்குப் போட்டு முடித்தவர்போல, "இது உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"வியாழக்கிழமை."

"நான் சனிக்கிழமைல்ல வந்தேன்."

"ஆமா மாமா."

"சர்க்கரை போதுமான்னு கேட்டியேம்மா."

குரலை உயர்த்தவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. அவள் கூனிக்குறுகிப் போனாள். காலுக்கடியில் தரை வழுவழுவென்று இருந்தது; அதில் எங்கே ஒளிந்துகொள்வது. மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தாள். இவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்று பட்டதால் மூடிக்கொண்டாள்.

அறைக் கதவைத் திறந்து ஒரு பியூன் தலையை நீட்டி, "எலக்ட்ரீஷியன் உள்ள வாங்க" என்றான்.

அவர் எழுந்திருக்கவில்லை. பியூன் இன்னொரு முறை கூப்பிட்டான். அவர் சட்டையின் கைமடிப்பை நீவிவிட்டுக்கொண்டே எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவள்தான் நடந்தாள். பியூன் ஒன்றும் புரியாமல் விலகி வழிவிட்டான். உள்ளே பெரிய மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் அவளைத் தாண்டி அவள் முதுகுக்குப் பின்னால் அவரைத் தேடினார்கள்.

"நீங்க யாரும்மா?"

"அந்த டிரைவை நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தது நான்தான்" என்றாள். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. வராந்தாவில் குழந்தையைத் தோளில் போட்டிருந்தவர் நடையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிளாஸ்திரி ஒட்டிய பெண்ணும் பார்த்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களில் வயதானவர், "முதல்ல கதவைச் சாத்திட்டு வாங்க, ஏ.சி. வெளிய போகுது" என்றார்.

அவள் கைப்பிடியைப் பிடித்தாள். பெஞ்சின் கோடியில் அவர் உட்கார்ந்திருப்பது அங்கிருந்து தெரிந்தது. காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்த்திருந்தார். கதவைச் சாத்தாமல், அது தானாக மூடிக்கொள்ளாதபடி பிடித்துக்கொண்டே அவள் சொல்லத் தொடங்கினாள்.