மைக் மச்சானின் தாமதம்

இஸ்திரி போடும் பின்னறைக்கு ஒலிப்பதிவுக் கூடம் என்று பெயர் வைத்தவர் மைக். அவர் எடிட்டரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். பாதி ஆயுளை ஒரு மெல்லிசைக் குழுவில் பாடியே கழித்தவர். பாட்டு முடிந்தாலும் மைக்கை யாரிடமும் கொடுக்கமாட்டார், அறிவிப்பாளர் வேறொரு மைக்கோடுதான் மேடை ஏறவேண்டும் என்பதால் குழுவில் யாரோ வைத்த பட்டப்பெயர் அது. அவருக்கும் அதில் பெருமைதான்.

குழு கலைந்துபோன பிறகு இரண்டு பெட்டிகளோடும், கழுத்தில் ஒரு வயரில்லா ஹெட்போனோடும் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த வாரமே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மாப்பிள்ளை, இத்தனை வருஷம் மேடையிலயே பாடியாச்சு. இனிமே என் பேர்ல ஆல்பம். நீங்க ரெக்கார்ட் பண்ணுங்க, மீதியை நான் பாத்துக்கிறேன்."

எடிட்டருக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஒரு விளம்பரக் கம்பெனியில் ஒலித்தொகுப்பு அவன் வேலை. லிஃப்டில் கதவு மூடுகிறது என்று சொல்லும் குரல், போனில் தயவுசெய்து காத்திருக்கவும் என்று சொல்லும் குரல், இவற்றிலிருந்து மூச்சையும் எச்சில் சத்தத்தையும் வெட்டி எறிந்துகொண்டிருந்தவனுக்கு ஒரு முழுப் பாட்டு கிடைப்பது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. கம்ப்யூட்டரையும் மைக்ரோபோனையும் இஸ்திரி மேசைமேல் ஏற்றினான். துணிகள் கட்டிலுக்கு அடியில் போயின.

முதல் நாள் பாடி முடித்துக் கேட்டபோது பாட்டு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் போனது.

"லேட்டா வருதே மாப்பிள்ளை," என்றார் மைக்.

"லேட்டன்சி மச்சான். உங்க குரல் மெஷினுக்குள்ள போய் திரும்ப காதுக்கு வர்றதுக்குள்ள கொஞ்சம் நேரமாயிடுது. சரி பண்ணிடலாம்."

அந்த வார்த்தையை அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தது தன் வாய்தான் என்று எடிட்டர் பின்னாளில் பலமுறை நொந்துகொண்டான்.

முதல் குற்றவாளி அந்த வயரில்லா ஹெட்போன். அதில் தாளம் காதுக்கு வந்து சேரவே தாமதமாகும். பிடுங்கி வைத்துவிட்டு வயர் ஹெட்போன் கொடுத்தான். மைக்குக்கு மனசில்லை, ஆனாலும் மாட்டிக்கொண்டார். அடுத்தது பஃபர். மெஷின் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு அது. அதைக் குறைத்தான், குறைத்ததும் வாணலியில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று பொரிந்தது. கொஞ்சம் ஏற்றினான், நின்றது. எதிரொலி சேர்க்கும் பிளக்-இன் ஒன்றை, பாடும்போதே கேட்கவேண்டும் என்று மைக் பிடிவாதமாகப் போடச் சொல்லியிருந்தார். அதுவும் தன் பங்குக்கு நேரம் தின்றது. எடுத்துவிட்டான். குழுவில் இருந்து கொண்டுவந்திருந்த பின்னணி இசைக் கோப்புகள் வேறொரு வேகக் கணக்கில் பதிவானவை. இங்கே போட்டால் சுருதி இறங்கி, தூக்கக் கலக்கத்தில் வாசித்ததுபோல் ஓடின. அவற்றையும் மாற்றினான்.

நடுவில் ஒருநாள், உதவி செய்கிறேன் என்று மைக் எல்லாக் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, அதற்கு 'வெற்றி' என்று பெயரும் வைத்துவிட்டார். மென்பொருளைத் திறந்தால் ஒரு பாட்டையும் காணோம்.

"வெற்றியை எங்க வச்சீங்க மச்சான்?"

"வச்ச இடம் மறந்துபோச்சே."

அன்றைக்கு மனைவியும் சேர்ந்து மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த அறையில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

ஒவ்வொரு பழுதைச் சரிசெய்யும்போதும் ஒருநாள் மைக் திருப்தியாக இருப்பார். மறுநாள் மறுபடியும் அதே பல்லவி. "லேட்டன்சி போகலை மாப்பிள்ளை." பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகியிருந்தார். "எல்லாம் இருக்கு, மெஷின்தான் ஒத்துழைக்கலை."

கடைசியில் எடிட்டர், மெஷினின் வெளிவாயிலிலிருந்து உள்வாயிலுக்கே ஒரு வயரைப் போட்டு, தாளத்தட்டை அனுப்பித் திரும்பப் பதிவு செய்து பார்த்தான். போன தட்டும் வந்த தட்டும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக அச்சு அசலாக உட்கார்ந்தன. சந்தேகம் தீராமல் மனைவியைக் கூப்பிட்டு, ஹெட்போனை மாட்டி, தாளத்துக்குக் கை தட்டச் சொன்னான். அவளும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். பிசகே இல்லை.

"மெஷின் சரியாத்தான் இருக்கு," என்றான்.

"அப்புறம் என்னங்க?"

"உங்கண்ணன்தான் பிந்துறார்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு அதெல்லாம் தெரியாது. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அவர்கிட்ட சொல்லிடாதீங்க. அவருக்குன்னு இருக்கிறது அந்த ஒண்ணுதான்."

"சொல்லாம எப்படிச் சரி பண்றது?"

"நீங்கதான் எல்லாத்தையும் வெட்டி ஒட்டுவீங்களே."

வெட்டினான். ஒட்டினான். மைக் வெளியே போகும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் பிடித்து இழுத்துத் தாளத்தின்மேல் உட்காரவைத்தான். சில இடங்களில் ஒரே சொல்லுக்குள் முதல் எழுத்து சரியாக விழுந்து கடைசி எழுத்து நொண்டும். அதையும் அறுத்து நிமிர்த்தினான். லிஃப்ட் குரலுக்குப் பார்த்த வேலைதான், ஆனால் இதில் உயிர் போனது. குரல் மட்டும் நல்ல குரல். கனமும் குளிர்ச்சியும் சேர்ந்த அந்தக் குரல் தாளத்தில் உட்கார்ந்ததும் எடிட்டருக்கே உடம்பு சிலிர்த்தது.

"பழைய பதிவை அழிச்சிடுங்க," என்றாள் மனைவி. "அவர் கண்ணுல பட்டா மனசு ஒடஞ்சிடும்." அழித்துவிட்டான்.

மைக் கேட்டார். கண்ணை மூடித் தலையாட்டினார். முடிந்ததும் எடிட்டரின் தோளில் ஓங்கித் தட்டினார்.

"பாத்தீங்களா, நான் முதல்லேர்ந்து சொன்னேன். மெஷின்தான். கண்டுபிடிக்க உங்களுக்குத்தான் இத்தனை நாளாச்சு."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சொந்தக்காரர்கள் கூடிய ஒரு சாப்பாட்டில் அதையே கதையாக்கிச் சொன்னார். "நம்ம மாப்பிள்ளை தங்கமான மனுஷன். ஆனா ஒரு பட்டனை அமுக்க ஒரு மாசம் யோசிப்பார்." எல்லாரும் சிரித்தார்கள். எடிட்டரும் சிரித்தான். மனைவி தட்டைப் பார்த்தபடி, லேசாகத்தான் என்றாலும், சேர்ந்து சிரித்தாள். அந்த லேசான சிரிப்பு அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

பாட்டுகள் போன் போனாகப் பரவின. பழைய குழுவின் டிரம்மர் ஒருநாள் மைக் இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்கு வந்தார். நரைத்த தாடி, பேசும்போதும் விரல் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தது.

"கேட்டேன். நல்லா இருக்கு. ஆனா அது அவர் பாடினது இல்லையே."

எடிட்டர் டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவைத்தான்.

"பயப்படாதீங்க, யார்கிட்டயும் சொல்லமாட்டேன். மேடையில நாங்க எல்லாருமே அவருக்காகத்தான் நின்னு நின்னு வாசிச்சோம். அவர் வர்ற வரைக்கும் காத்திருப்போம். அவருக்கு அது தெரியவே தெரியாது. தாளம்னா அதுதான்னு நெனச்சிட்டிருந்தார்."

"நீங்க சொல்லலையா?"

"சொன்னேன். அதனாலதான் அடுத்த கச்சேரியில வேற டிரம்மர்." டீயைக் குடித்து முடித்து எழுந்தார். "நீங்களும் சொல்லிடாதீங்க."

அதற்குள் ஒரு பெரிய ஹோட்டலில் இருந்து மைக்குக்கு அழைப்பு வந்துவிட்டது. அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் பாட ஆள் வேண்டும். ஒருநாள் மதியம் வந்து, பின்னணி இசையைப் போட்டுவிட்டு இரண்டு பாட்டுப் பாடிக் காட்டவேண்டும். வீடே அல்லோலகல்லோலப்பட்டது. தங்கை அண்ணனின் கோட்டைத் தானே தேய்த்தாள், சாப்பாட்டு மேசைமேல் வைத்து.

எடிட்டருக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. பின்னணி இசை யாருக்காகவும் காத்திருக்காது. டிரம்மர் சொன்னது திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. காத்திருக்காத இசையைக் காத்திருக்க வைத்தால் என்ன என்று தோன்றியது. யாரிடமும் கேட்கவில்லை. உட்கார்ந்து, மைக் வழக்கமாகப் பிந்தும் இடங்களிலெல்லாம் டிரம்ஸை ஒரு மயிரிழை தள்ளிவைத்தான். பல்லவியில் இரண்டு இடம், சரணத்தில் இன்னும் கொஞ்சம். தெரிந்தவனுக்குக்கூடத் தெரியாது என்று நினைத்தான். மனைவியிடமும் சொல்லவில்லை. நல்லபடியாக முடிந்த பிறகு சொல்லி அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று ஓர் ஆசை இருந்தது.

ஹோட்டல் கூடம் காலியாக இருந்தது. நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. ஒருவன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேனேஜர் முன்வரிசையில், பியானோ வாசிக்கும் இளம்பெண் மூலையில், எடிட்டரும் மனைவியும் தூண் ஓரத்தில்.

மைக் ஆரம்பித்தார். முதல் வரி அழகாக வந்தது. முதல்முறை டிரம்ஸ் அவருக்காகத் தாமதித்த இடத்தில் எடிட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மைக் பிந்தவில்லையா? பிந்தினார். தாளத்தைக் கேட்டுவிட்டு அதற்குப் பின்னால் வருவதுதானே அவர் வழக்கம். தாளமே தள்ளி விழுந்ததும் அவர் அதற்கும் பின்னால் போனார். அடுத்த இடத்தில் இன்னும் பின்னால். குருடனுக்கு வழிகாட்டப் போனவன் அவன் கோலையும் பிடுங்கிக்கொண்டதுபோல் ஆயிற்று. சரணத்துக்குள் பாட்டு ஒரு தெருவிலும் குரல் ஒரு தெருவிலும் நின்றன. மேனேஜர் கையைத் தூக்கினார்.

பியானோப் பெண் எழுந்து வந்தாள். "ஒரு நிமிஷம். டிராக்கை மட்டும் போடுங்க சார்." போட்டார்கள். விரலால் மேசையில் தட்டிக்கொண்டே கேட்டாள். இரண்டு இடத்தில் அவள் விரல் நின்றது. "இது டிராக்கோட தப்பு. அங்கங்க இழுக்குது. இதை வச்சு யாராலயும் பாட முடியாது. யார் பண்ணினது?"

மைக் திரும்பித் தூண் பக்கம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பரிதாபமாகப் பார்த்தார்.

"நான் வாசிக்கிறேன், நீங்க பாடுங்க," என்றாள் அந்தப் பெண்.

அவள் வாசித்தாள், அவர் பாடினார். அவர் நின்றால் அவளும் நின்றாள், அவர் சாய்ந்தால் அவளும் சாய்ந்தாள். அவர் எங்கே வருவார் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். தரை துடைத்தவன்கூடத் துடைப்பானைப் பிடித்தபடி நின்று கேட்டான். மேனேஜர் எழுந்து வந்து கைகொடுத்தார்.

திரும்பும்போது மைக் ஹோட்டலிலேயே தங்கிவிட்டார். பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வெகுதூரம் வந்த பிறகு கேட்டாள்.

"டிராக்கை ஏதாவது பண்ணீங்களா?"

"பண்ணினேன். அவருக்கு உதவியா இருக்கட்டும்னுதான். அவர் பிந்துற இடத்துலெல்லாம் தாளத்தைத் தள்ளி வச்சேன்."

"இன்னைக்கு அந்தப் பொண்ணுகூட பாடினப்போ அவர் பிந்தலையே."

"அவ காத்திருந்தா. நீ பாக்கலையா?"

"எனக்குத் தெரிஞ்சு அவர் நல்லாப் பாடினார்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "அவர் பிந்துறார்னு சொன்னது நீங்க ஒருத்தர்தாங்க. நானும் நம்பிட்டேன்."

"டிரம்மர் வந்து சொன்னாரே."

"அவரை எங்கண்ணன்தானே குழுவை விட்டு நிறுத்தினார். வேற என்ன சொல்வார்?"

பழைய பதிவு இருந்தால் போட்டுக் காட்டியிருப்பான். அழிக்கச் சொன்னது அவள்தான் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அதைச் சொன்னாலும், எதற்காக அத்தனை சுலபமாக அழித்தீர்கள் என்றுதான் கேட்பாள் என்று தோன்றியது.

"அன்னைக்குச் சாப்பாட்டுல எல்லாரும் சிரிச்சாங்களே, அது மனசுல இருந்துச்சா?" என்றாள் அவள்.

இல்லை என்றான். ஆனால் சொல்ல ஒரு கணம் பிந்திவிட்டது. அதை அவள் கவனித்தாள்.

மைக் ஹோட்டல் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். பெட்டி எடுக்க வந்த அன்று, வாசலில் வைத்து, வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் காதில் விழும்படியாகவே, எடிட்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எதையும் மனசுல வச்சுக்கலை மாப்பிள்ளை. மன்னிச்சாச்சு. கலைஞனுக்குப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு சில நேரம் அப்படித்தான் ஆகும்."

எல்லாரும் எடிட்டரைப் பார்த்தார்கள். மனைவியும் பார்த்தாள். அவனிடமிருந்து ஒரு வார்த்தையை எதிர்பார்த்து நின்றாள்.

"சரி மச்சான்," என்றான் அவன். வேறு என்ன சொல்வது?

இப்போது வாரம் ஒருமுறை அவள் அண்ணன் பாட்டைக் கேட்க ஹோட்டலுக்குப் போகிறாள். இவனைக் கூப்பிடுவதில்லை. வந்து, இன்று யார் யார் கைதட்டினார்கள் என்று அம்மாவிடம் போனில் சொல்வாள், இவனிடம் சொல்வதில்லை. இஸ்திரி மேசை பழையபடி துணிக்குத் திரும்பிவிட்டது. கம்ப்யூட்டர் மட்டும் மூலையில் இருக்கிறது. கம்பெனி வேலை மிச்சமிருந்தால் எடிட்டர் அங்கே உட்கார்ந்து ஏதோ ஒரு பெண்குரலில் மூச்சை வெட்டிக்கொண்டிருப்பான். அப்போது கதவருகில் அவள் வந்து நிற்பாள்.

"என்ன பண்றீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து இதற்குமுன் அவன் வேலையைப் பற்றி அவள் கேட்டதேயில்லை. ஹெட்போனைக் கழற்றி, "ஆபீஸ் வேலை" என்பான். அவள் தலையாட்டுவாள். ஆனாலும் உடனே போய்விடமாட்டாள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போவாள்.