மேஸ்திரி பலகை

கடப்பாரை நுனியைப் பலகைக்கு அடியில் கொடுத்து முனிலட்சுமி மிதித்தாள். துருப்பிடித்த ஆணி கிரீச்சென்று மேலே வந்தது. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்களைச் சுமந்து வந்த பேலட் கட்டைகளை உடைத்து, ஆணி பிடுங்கி அடுக்குவதுதான் நான்கு மாதமாக அவள் வேலை. அந்தப் பலகைகளை வைத்துத் தளி சாலையில் எழும் வீட்டில் புது மரமே கிடையாது. பழைய ஓடு, பழைய கதவு, மின்விசிறி இல்லாமலே குளிரும் மண்சுவர்.

சில பலகைகளில் எம், பி என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் கருக்கப்பட்டிருந்தன. முதல் நாளே மேஸ்திரி மாதப்பன் சிரித்தார். "பாத்தியா, கப்பல்ல என் பேரு வந்துருக்குது! மாதப்பன், பைரப்பன் மகன்!"

அன்றிலிருந்து அவை மேஸ்திரி பலகை. வீட்டில் எழுத்து தெரியக்கூடாதென்று அவற்றை ஒதுக்கி, உடைசல் பலகைகளோடு கலந்து, வேலையாட்கள் தங்கும் ஷெட்டுக்குச் சுவராக அடித்தார்கள். "மேஸ்திரி வூட்டுக்கு வாடகை இல்லீங்களா?" என்று கூட வேலை செய்யும் சாந்தம்மா கேலி செய்தாள். அந்தச் சுவரோரம்தான் முனிலட்சுமியின் மகள் யுவஸ்ரீ படுப்பாள். ஒரு மாதமாக விடாத இருமல்.

இன்ஜினியர் ரூபி வந்து பலகை அடுக்கைக் குனிந்து பார்த்தாள்.

"மேஸ்திரி, எம் பி சீல் போட்டது ஏதும் வந்துச்சா?"

"ஏன் மேடம்?"

"அது பூச்சி சாக விஷவாயு அடிச்ச மரம். வீட்டுக்குள்ள ஒண்ணுகூட வரக்கூடாது. ஓனருக்குச் சின்னக் குழந்தை இருக்கு."

முனிலட்சுமி ஷெட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வூட்டுல ஒண்ணுகூட இல்லீங்க மேடம்," என்றார் மாதப்பன்.

"மேடம்..." என்றாள் முனிலட்சுமி.

ரூபி திரும்பினாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து மாதப்பன் பார்த்தார். இந்த ஷெட்டை விட்டால் பிள்ளையோடு சொந்த ஊரான அஞ்செட்டிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அங்கே வேலை கிடையாது.

"ஒண்ணுமில்லீங்க. டீ குடிக்கிறீங்களான்னு."

கார் போனதும் மாதப்பன் உப்புத்தாளை நீட்டினார். "நாளைக்கு ஓனரோட வர்றாங்க. ஷெட்டுப் பக்கம் எட்டிப் பாத்தா வம்பு. அந்த எழுத்தத் தேச்சு எடுத்துரு."

"பலகையவே மாத்திக்கலாங்களா, மேஸ்திரி? பாப்பா ராவெல்லாம் இருமுறா."

"வேற பலகை ஏதும்மா? எல்லாம் வூட்டுக்கு அளந்து வெச்சது."

யுவஸ்ரீயை வெளியே மரத்தடியில் உட்காரவைத்தாள். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு தேய்த்தாள். தூள் பாயெல்லாம் படிந்தது. தோள்கள் கடுத்துப்போனபோது சுவரில் ஓர் எழுத்தும் இல்லை. தேய்த்த இடம் தனியாகத் தெரியக்கூடாதென்று உடைசல் பலகையையும் விடாமல் தேய்த்திருந்தாள்.

யுவஸ்ரீ ஓடிவந்து வெளுத்த இடங்களை விரலால் தடவினாள்.

"மேஸ்திரி பேரு எங்கம்மா?"

கேட்டுவிட்டு இருமினாள்.

முனிலட்சுமி பாயை வெளியே உதறி எடுத்து வந்தாள். எது அந்தப் பலகை, எது நல்லது என்று இப்போது அவளுக்கே தெரியவில்லை. நான்கு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பாயை எந்தப் பக்கம் விரிப்பதென்று தெரியாமல், அதை நெஞ்சோடு அணைத்தபடி ஷெட்டின் நடுவில் நின்றாள்.